கொழும்பில் வீட்டுத் தண்ணீர் கெட்டால் எங்கே போவது, என்ன கொண்டுபோவது: மூன்று வாரம் அலைந்தவனின் வழிகாட்டி

ஊரில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். தண்ணீர் கலங்கினால் கிணறு இறைப்போம், அவ்வளவுதான். கொழும்புக்கு வந்து வாடகைக்குப் போன நாலாம் மாதம் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே கிழமையில் வயிற்றோட்டம். பக்கத்து வீட்டு அக்கா சாதாரணமாகச் சொன்னார், "மழைக்கு இங்க இப்பிடித்தான் தம்பி, கொதிச்சாறின தண்ணி குடியுங்கோ." குழாயைத் திறந்து வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பார்த்தால் இலேசான மஞ்சள், கூடவே ஒரு கான் (சாக்கடை) வாடை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. அதில் பாதி அலைச்சல் தேவையே இல்லாதது. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியாததால் வந்த வினை. புதிதாகக் கொழும்புக்கோ அதை ஒட்டிய கரையோரப் பகுதிக்கோ வந்திருப்பவர்கள் அந்தப் பாதியையாவது மிச்சப்படுத்தட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. நீங்கள் எந்தச் சபைக்குள் இருக்கிறீர்கள்?

சிரிக்காதீர்கள். என்னுடைய முதல் இரண்டு நாள் இதில்தான் போனது. வீட்டு விளம்பரத்தில் "வெள்ளவத்தை" என்று போட்டிருந்தது, தரகரும் வெள்ளவத்தை என்றார், நானும் எல்லோருக்கும் வெள்ளவத்தை என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொழும்பு மாநகர சபைக்குப் போய் வரிசையில் நின்று என் முறை வந்தபோது, விலாசத்தைப் பார்த்த உத்தியோகத்தர் "இது எங்கட ஏரியா இல்லையே" என்றார். வீடு இருப்பது தெஹிவளை - கல்கிசை மாநகர சபைக்குள். வாடகை ஏறும் என்பதற்காகக் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீட்டையும் வெள்ளவத்தை என்று விற்பார்கள், தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நிச்சயமான வழி சோலைவரிப் பத்திரம். வீட்டுக்காரர் சபைக்குக் கட்டும் வரிக்கான துண்டு அது, சபையின் பெயரும் மதிப்பீட்டு இலக்கமும் அதில் இருக்கும். வீட்டுக்காரரிடம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சில பேர் "எதுக்கு?" என்று இழுப்பார்கள். தண்ணீர்ப் பிரச்சினைக்கு என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள், அவருடைய கட்டடத்துக்கும் நல்லதுதானே.

கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, தெஹிவளை - கல்கிசை, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை, கடுவெல, மொரட்டுவை என்று ஐந்து மாநகர சபைகள் உண்டு. அதற்கு வெளியே நகர சபைகளும் பிரதேச சபைகளும். வத்தளை, ஹெந்தளைப் பக்கம் இருப்பவர்கள் இன்னும் கவனம், நீங்கள் கம்பஹா மாவட்டம். கொழும்பில் வேலை செய்து கொழும்பில் பிள்ளையைப் படிக்கவைத்தாலும் தண்ணீர் முறைப்பாட்டுக்குக் கொழும்புக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் போய்ப் பயனில்லை.

2. தண்ணீர் கெடுவது மீற்றருக்கு முன்னாலா, பின்னாலா?

இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் போதும், மீதி எல்லாம் இலகு. இதைச் செய்யாமல் முறைப்பாடு கொடுத்தால் பந்து மாதிரி உதைபடுவீர்கள். எனக்கு நடந்தது அதுதான்.

கணக்கு இதுதான். குழாய்த் தண்ணீர் தருவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, பேச்சில் "வோட்டர் போட்". அவர்களுடைய பொறுப்பு மீற்றர் வரைக்கும். மீற்றர் தாண்டி உள்ளே வரும் பைப், நிலத்தடித் தாங்கி, மோட்டர், மொட்டைமாடித் தாங்கி எல்லாம் கட்டடத்துச் சொந்தக்காரருடையது. தொடர்மாடி என்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தினுடையது, அதாவது வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்து கட்டடத்தை நடத்தும் அமைப்பு. தண்ணீரால் நோய் வரும் நிலைமை இருக்கிறதா என்று பார்ப்பதும், இருந்தால் கட்டடக்காரரைத் திருத்தவைப்பதும் உள்ளூராட்சிப் பக்கம், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். எல்லோரும் பி.எச்.ஐ. என்றே சொல்கிறோம், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

ஆகவே ஒரே காலையில் இரண்டு இடத்தில் தண்ணீர் பிடியுங்கள். ஒன்று, மீற்றரை அடுத்து, தாங்கிக்குப் போகமுதல் இருக்கும் குழாய். பெரும்பாலான கட்டடங்களில் வாகனம் கழுவவோ பூமரத்துக்கு ஊற்றவோ கேற்றடியில் ஒரு குழாய் இருக்கும். அது நேர் லைனா தாங்கியிலிருந்து வருவதா என்று காவலாளியைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். இரண்டு, உங்கள் குசினிக் குழாய். இரண்டையும் கண்ணாடிக் கிளாஸில் பக்கம் பக்கமாக வைத்துப் போட்டோ எடுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாள், அதில் திகதி, நேரம். நேர் லைன் தெளிவாக இருந்து குசினித் தண்ணீர் கெட்டிருந்தால் கோளாறு கட்டடத்துக்குள். இரண்டும் கெட்டிருந்தால் போட்.

நான் இரண்டு வாரம் போட்டைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் பார்த்தால் கேற்றடிக் குழாய்த் தண்ணீர் பளிங்கு மாதிரி. எங்கள் நிலத்தடித் தாங்கியின் சுவரில் வெடிப்பு, அதிலிருந்து ஆறேழு அடியில் கழிவுநீர்க் குழி. மழை பெய்து நிலத்தடி நீர் ஏறும்போது குழியில் இருப்பது தாங்கிக்குள் கசிந்திருக்கிறது. கடலோரத்து மணல் நிலத்தில் இதைவிட வேறு என்ன நடக்கும்.

இன்னொரு பொறி: சில கட்டடங்களில் அமுக்கம் காணாது என்று நேர் லைனிலேயே மோட்டரைப் பூட்டி உறிஞ்சுவார்கள். அது தடைசெய்யப்பட்ட வேலை. அதைவிட, பைப்பில் எங்காவது சின்ன ஓட்டை இருந்தால் வெளியே நிற்கும் கான் தண்ணீரையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். உங்கள் கட்டடத்தில் அப்படி இருந்தால் போட்டுக்கு முறைப்பாடு செய்யமுதல் சொந்தக்காரரோடு பேசுங்கள், ஆள் வந்து பார்த்தால் முதலில் மாட்டுவது நீங்கள் இருக்கும் கட்டடம்தான்.

தண்ணீர் வெட்டுக்குப் பிறகு வரும் கலங்கலையும் வைத்துப் பதறவேண்டாம். 24 மணி நேர வெட்டு முடிந்து திரும்பி வரும் முதல் தண்ணீர் பைப்பில் படிந்த மண்ணையெல்லாம் கிளப்பிக்கொண்டுதான் வரும். அந்த நேரம் தாங்கிக்குப் போகும் வால்வை மூடிவிட்டுக் கேற்றடிக் குழாயைத் தெளியும்வரை ஓடவிடுங்கள். அதேபோல, நீண்ட வரட்சியில் களனி ஆறு வற்றினால் கடல் உப்பு ஆற்று வழியே அம்பத்தளைப் பக்கம் வரைக்கும் ஏறப் பார்க்கும், அதைத் தடுக்கத்தான் அங்கே தடுப்பணை. ஊர் முழுக்கத் தண்ணீர் உவர்க்கிறது என்றால் உங்கள் தாங்கியை உடைத்துப் பார்ப்பதில் பயனில்லை, செய்தியைப் பாருங்கள்.

3. போட்டுக்கு முறைப்பாடு: 1939

நேர் லைனும் கெட்டிருந்தால் மட்டும் இந்தப் படி. 1939க்கு அழையுங்கள். தமிழில் பேசலாம், காத்திருக்கவேண்டி வரலாம். கையில் வைத்திருக்கவேண்டியது தண்ணீர் பில். அதில் இருக்கும் கணக்கிலக்கம் இல்லாவிட்டால் விலாசத்தைப் பத்துத் தரம் எழுத்துக் கூட்டிச் சொல்லவேண்டி வரும். பில் வீட்டுக்காரர் பெயரில் இருப்பது பிரச்சினை இல்லை, குடியிருப்பவர் என்று சொல்லுங்கள்.

முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் போனை வைக்காதீர்கள். "சேர், கம்ப்ளெய்ன்ட் நம்பர் ஒருக்கா சொல்லுங்கோ" என்று கேட்டால் தருவார்கள். அந்த இலக்கம் இல்லாமல் நீங்கள் அழைத்ததற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

ஆட்கள் வந்தால் சின்னக் கருவியில் எஞ்சிய குளோரின் பார்ப்பார்கள். அளவு என்ன வந்தது என்று கேட்டு நீங்களும் எழுதிவையுங்கள். லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது இருந்தால் கிருமி நாசினி உங்கள் வாசல் வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுமே இல்லை என்று வந்தால் வழியில் எதுவோ அதைத் தின்றிருக்கிறது, பெரும்பாலும் அழுக்கு. அதே கருவியால் குசினிக் குழாயையும் பார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அது அவர்கள் வேலை இல்லைதான், ஆனால் தன்மையாகக் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

4. பி.எச்.ஐ.யைப் பிடிப்பது

பிடிப்பது என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர்கள் கதிரையில் இருக்கும் ஆட்கள் அல்ல. டெங்கு, உணவுக்கடை, பள்ளிக்கூடம் என்று நாள் முழுக்க வெளியில். காலை எட்டரைக்கு முன்னரே அலுவலகத்து வாசலில் நின்றால் வெளிக்கிடமுதல் பிடிக்கலாம். நான் பதினொரு மணிக்குப் போய் இரண்டு தரம் வெறுங்கையோடு திரும்பினேன்.

எங்கே போவது? கொழும்பு மாநகர எல்லைக்குள் என்றால் மாநகர சபைக்குச் சொந்தமாகப் பொதுச் சுகாதாரத் திணைக்களம் இருக்கிறது, அதற்கு ஏரியா வாரியாக அலுவலகங்கள். மற்ற இடங்களில் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம், எம்.ஓ.எச். ஒபீஸ். கர்ப்பிணித் தாய்மாரும் தடுப்பூசிக்குப் பிள்ளைகளும் போகும் கிளினிக் எந்த அலுவலகத்துக்குக் கீழ் என்று அக்கம்பக்கத்து அம்மாமாரைக் கேளுங்கள், இணையத்தில் தேடுவதைவிட அது விரைவு.

கொண்டுபோகவேண்டியவை: தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், தண்ணீர் பில்லின் பிரதி, சோலைவரித் துண்டின் பிரதி அல்லது போட்டோ, அந்த இரண்டு கிளாஸ் போட்டோ (அச்செடுத்து, போனில் காட்டினால் கோப்பில் ஏறாது), போட் முறைப்பாட்டு இலக்கம் இருந்தால் அது, யாருக்காவது நோய் வந்திருந்தால் டொக்டர் எழுதிய துண்டு. அந்தக் கடைசிக் காகிதத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். தண்ணீர் நாறுகிறது என்பது ஒரு முறைப்பாடு, ஒரே கட்டடத்தில் நாலு பேருக்கு வயிற்றோட்டம் என்பது வேறு விஷயம். ஆகவே போகமுதல் கட்டடத்தில் மற்ற வீடுகளையும் கேளுங்கள். நான் கேட்டபோது ஆறு வீட்டில் நாலு வீட்டுக்காரர் "ஓம் ஓம், எங்களுக்கும்" என்றார்கள், ஒருவரும் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. நாலு பேர் கையெழுத்து வைத்த கடிதத்துக்கு இருக்கும் கனம் உங்கள் ஒற்றைக் கையெழுத்துக்கு இராது.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, அவை அதிகாரிகள் கையில் இருந்தன. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு திரும்பவும் வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் இருக்கிறார். பி.எச்.ஐ. ஒரு கிழமை கடந்தும் வராவிட்டால் உறுப்பினருக்கு ஒரு போன் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலிலேயே அவரிடம் ஓடாதீர்கள், அதிகாரிகளுக்கு அது பிடிப்பதில்லை.

பி.எச்.ஐ. வந்து பார்ப்பதற்கும் சாம்பிள் எடுப்பதற்கும் நான் ஒரு சதமும் கட்டவில்லை. யாராவது காசு கேட்டால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள், அதோடு பேச்சு நின்றுவிடும்.

5. நீங்களே ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பதென்றால்

பி.எச்.ஐ. எடுக்கும் சாம்பிள்தான் சட்ட நடவடிக்கைக்கு நிற்கும், உங்களுடையது உங்கள் மன அமைதிக்கும் அவர்களைத் தள்ளுவதற்கும். ஆனாலும் நான் கொடுத்தேன், கொடுத்தது நல்லது. கொழும்பில் இடத்துக்குக் குறைவில்லை: ரத்மலானை காலி வீதியில் நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடம், ஜாவத்தை வீதியில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், இவை தவிரத் தனியார். முதலில் போன் பண்ணிக் கட்டணம், எந்த நாளில் சாம்பிள் எடுப்பார்கள், போத்தல் அவர்கள் தருவார்களா என்று மூன்றையும் கேளுங்கள். கட்டணம் சோதனைக்குச் சோதனை கூடும். நுண்ணுயிர்ச் சோதனையும் அடிப்படை இரசாயனமும் சேர்த்து எனக்கு ஒரு சாம்பிளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அவர்கள் போனில் சொல்லும் தொகைக்கு மேல் வற் வரி 18 வீதம் வருமா என்றும் கேட்டுவிடுங்கள், கவுண்டரில் காசு போதாமல் நிற்பது ஒரு அவமானம்.

எல்லாச் சோதனையும் கேட்காதீர்கள். "ஃபுல் டெஸ்ட்" என்றால் பார உலோகம், பீடைநாசினி என்று பில் எகிறும். கழிவுநீர்ச் சந்தேகத்துக்கு வேண்டியது மொத்தக் கோலிஃபோம், ஈ.கோலை (இரண்டும் பக்டீரியாக் கணக்கு), கலங்கல், பி.எச். பெறுமானம் (அமில, காரத் தன்மை), நைத்திரேற்று, குளோரைட்டு. அவ்வளவுதான்.

சாம்பிள் பிடிப்பதில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள், நான் உட்பட. என் முதல் சாம்பிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், சோடாப் போத்தலில் கொண்டுபோனேன். நுண்ணுயிர்ச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய போத்தல்தான் வேண்டும். அதற்குள் கொஞ்சம் இரசாயனம் போட்டிருப்பார்கள், தண்ணீரில் இருக்கும் குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்றுவிடாமல் இருக்க. ஆகவே அந்தப் போத்தலைக் கழுவவே கூடாது. எங்கள் அம்மா பாசத்தில் சவர்க்காரம் போட்டுக் கழுவி வைத்திருந்தார், இன்னொரு போத்தல் வாங்கப் போனேன்.

குழாயின் வாயில் இருக்கும் வலையையும் ரப்பரையும் கழற்றுங்கள். வாயை லைட்டரால் சூடு காட்டுங்கள் (பிளாஸ்டிக் குழாய் என்றால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போதும்). இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். மூடியைத் திறந்து கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், மேசையில் வைக்கவேண்டாம், உட்பக்கத்தைத் தொடவேண்டாம். கழுத்துவரை நிரப்பி, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடுங்கள். இரசாயனச் சோதனைக்கான போத்தல் வேறு, அதை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசிவிட்டு முழுக்க நிரப்புங்கள்.

நுண்ணுயிர் போத்தல் ஐஸில் போகவேண்டும், கூடுமானால் ஆறு மணி நேரத்துக்குள். ரெஜிபோம் பெட்டி கடையில் வாங்கத் தேவையில்லை, மீன் கடையில் கேட்டால் சும்மா தருவார்கள், ஆனால் நன்றாகக் கழுவிவிட்டுப் போத்தலைப் பைக்குள் கட்டி வையுங்கள். காலி வீதி காலை ட்ராஃபிக்கை மனதில் வைத்து ஏழு மணிக்கே பிடித்துக்கொண்டு ஓட்டோவில் ஏறுங்கள். வெள்ளிக்கிழமை கொண்டுபோகாதீர்கள், கிருமி வளரவிட்டுப் பார்க்கும் சோதனைக்கு அடுத்தடுத்த நாட்களில் ஆள் வேண்டும், பல இடங்களில் வாங்கமாட்டார்கள். போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறை) முதல் நாளும் அப்படித்தான்.

6. அறிக்கையில் எதைப் பார்ப்பது

இலங்கையில் குடிநீருக்கான தரம் எஸ்.எல்.எஸ். 614, இப்போது பார்ப்பது 2013 பதிப்பு. அறிக்கையிலேயே ஒரு நிரலில் அந்த எல்லை போட்டிருக்கும். முதலில் கண் போகவேண்டியது ஈ.கோலை. 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. இருந்தால் மலக்கழிவு கலக்கிறது என்று அர்த்தம், வேறு விளக்கம் தேடவேண்டாம், அந்த நிமிடமே குடிப்பதையும் பல் துலக்குவதையும் நிறுத்துங்கள். கலங்கல் 2 அலகுக்குள், பி.எச். 6.5 முதல் 8.5க்குள்.

கிணறு உள்ள வீட்டுக்காரர் நைத்திரேற்றையும் குளோரைட்டையும் பாருங்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் பெரும்பாலும் பக்கத்து மலக்குழிதான் காரணம். இதைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது, கொதித்தால் இன்னும் செறிவாகும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்க அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். குளோரைட்டு 250ஐத் தாண்டினால் உப்பு, கடலோரக் கிணறுகளில் அது வழமை, உடுப்பும் வாகனமும் கழுவ வைத்துக்கொள்ளலாம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடி இடைவெளி என்பார்கள், வெள்ளவத்தை லேன்களில் ஒரு காணியே அவ்வளவு அகலம் இல்லை, அது வேறு கதை.

7. கடிதமும் மொழியும்

தமிழில் எழுதலாம். அது உங்கள் உரிமை, அரசியலமைப்பிலேயே இருக்கிறது, தமிழும் அரச கரும மொழி. ஆனால் எனக்குத் தண்ணீர் சரியாக வேண்டியிருந்தது, ஆகவே இப்படிச் செய்தேன்: தமிழில் முழுக் கடிதம், அதன் மேல் சிங்களத்தில் ஐந்து வரிச் சுருக்கம், தெரிந்த நண்பர் ஒருவர் எழுதித் தந்தார். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லீவில் நின்றாலும் கோப்பு நகர்ந்தது. தமிழ்க் கடிதத்தை வாங்கவே மாட்டோம் என்று யாராவது சொன்னால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், இராஜகிரியவில் இருக்கிறது. எனக்கு அந்தத் தேவை வரவில்லை.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீலும் திகதியும் அடித்து வாங்குங்கள். ஒரு அலுவலகத்தில் "வைச்சிட்டுப் போங்கோ" என்றார்கள், நானும் வைத்துவிட்டு வந்தேன், அடுத்த கிழமை போனால் அப்படி ஒரு கடிதமே வரவில்லையாம். அன்றிலிருந்து சீல் இல்லாமல் நகர்வதில்லை, நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபால். எதற்கு எழுதுகிறீர்கள் என்று தெரியாமல் புலம்பலாக எழுதாதீர்கள், கடைசிப் பந்தியில் என்ன செய்யவேண்டும் என்று நேராகக் கேளுங்கள்: வந்து பாருங்கள், சாம்பிள் எடுங்கள், தாங்கியைத் திருத்தச் சொல்லி உரிமையாளருக்கு அறிவித்தல் கொடுங்கள், அதன் பிரதியை எனக்கும் தாருங்கள்.

தொடர்மாடியில் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அசையாவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கும் ஒரு பிரதி போடுங்கள். வாடகைக்காரர் என்றால் வீட்டுச் சொந்தக்காரரின் கையெழுத்தையும் சேர்த்து வாங்கிவிட்டால் "நீங்கள் யார் கேட்க?" என்ற கேள்வி வராது.

8. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பலர் இதை அரசியல்வாதிகளின் கணக்குக் கேட்கும் சட்டம் என்று நினைக்கிறார்கள். உங்கள் லேனுக்கு வரும் தண்ணீரின் பரிசோதனை முடிவைக் கேட்கவும் இதுதான் வழி. இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு சபையிலும் திணைக்களத்திலும் தகவல் அதிகாரி என்று ஒருவர் இருப்பார், அவர் பதவிக்கு எழுதுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "எங்கள் தண்ணீர் ஏன் நாறுகிறது?" என்று கேட்டால் அது தகவல் இல்லை, பதில் வராது. அவர்களிடம் காகிதமாக இருப்பதைக் கேளுங்கள். நீர் வழங்கல் சபையிடம்: "இன்ன வீதிக்கு நீர் வழங்கும் பகுதியில் கடந்த ஆறு மாதங்களில் எடுக்கப்பட்ட மாதிரிகளின் எஞ்சிய குளோரின், மொத்தக் கோலிஃபோம், ஈ.கோலை முடிவுகள், மாதிரி எடுத்த இடமும் திகதியும்." உங்கள் உள்ளூராட்சி சபையிடம்: "இன்ன திகதி நான் கொடுத்த முறைப்பாட்டின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பு, பரிசோதகரின் கள அறிக்கை, மாதிரி எடுத்திருந்தால் அதன் முடிவு."

காலம்: தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். வேலை நாள், கவனியுங்கள். சித்திரையில் கொடுத்தால் புத்தாண்டு, போயா எல்லாம் கழித்து மாதம் ஓடிவிடும். தருகிறோம் என்று முடிவு சொன்ன பிறகு தகவலைத் தர இன்னும் 14 நாள், அது பெரிய தேடல் என்றால் மேலும் 21 நாள் வரை நீட்டலாம். ஒரு பிரஜையின் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் என்றும் சட்டத்தில் இருக்கிறது, நோய் வந்த டொக்டர் துண்டு இருந்தால் அதை இணைத்து அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிப் பாருங்கள், குறைந்தது கோப்பு மேலே வரும். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்த 14 நாளைத் தவறவிடுவதுதான் எல்லோரும் விழும் குழி, விண்ணப்பம் கொடுத்த அன்றே நாட்காட்டியில் வட்டம் போடுங்கள்.

செலவு மிகச் சொற்பம். விண்ணப்பத்துக்குக் காசில்லை, பிரதிகளில் முதல் நான்கு பக்கம் இலவசம், அதற்கு மேல் ஏ4 ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். நான் போய்வந்த ஓட்டோக் காசு அதைவிடப் பல மடங்கு.

9. கால்வாய், கான், கடற்கரை

குழாய்த் தண்ணீர் அல்ல, வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் யாரோ கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்றால் ஆள் வேறு. பெரிய கால்வாய்களைப் பராமரிப்பது இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். வீதியோரக் கான் சபையினுடையது. கொழும்பு மாநகருக்குள் கழிவுநீர்க் குழாயும் மாநகர சபையினுடையதுதான், அது முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீளும் குழாய்களில் போய் முடிகிறது. தொழிற்சாலை, ஹோட்டல் கழிவு என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபை, 1981. அழைக்கமுதல் அந்த இடத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கொடுத்தது யார் என்று கேளுங்கள், பாதிப்புக் குறைந்த தொழில்களுக்கு உரிமம் கொடுப்பது உள்ளூராட்சி சபையே, அப்போது திரும்பவும் படி ஒன்றுக்கு வருவீர்கள். கடற்கரையில் எண்ணெயோ கழிவோ ஒதுங்கினால் சமுத்திரச் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபை. போட்டோவில் நேரமும் இடமும் பதிவாகும்படி எடுங்கள், கழிவைப் பெரும்பாலும் இரவில்தான் திறப்பார்கள், பகலில் அதிகாரி வரும்போது கால்வாய் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும்.

10. இவையெல்லாம் நடக்கும்வரை

எங்கள் கதை முடிய மொத்தம் 23 நாள் ஆனது. பி.எச்.ஐ. வந்தது ஐந்தாம் வேலை நாள், என் சாம்பிள் அறிக்கை கைக்கு வர எட்டு நாள், உரிமையாளருக்கு அறிவித்தல் போன பிறகு வெடிப்பைப் பூச இரண்டு நாள்தான். அவ்வளவு நாளும் குடிக்கவும் சமைக்கவும் பெரிய கேன் தண்ணீர். வாங்கும்போது சீல் உடையாமல் இருக்கிறதா, சுகாதார அமைச்சின் பதிவிலக்கம் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். தெருவோரம் நிரப்பி விற்கும் கேன்களில் பலவற்றில் அது இருக்காது, குழாய்த் தண்ணீருக்குப் பயந்து அதைவிட மோசமானதைக் காசு கொடுத்து வாங்கிய கதையாகிவிடும். விலையைக் கூட்டிக் கேட்டால் நுகர்வோர் அதிகாரசபை 1977.

தாங்கியைத் திருத்திய பிறகு அப்படியே நிரப்பிக் குடிக்கத் தொடங்கவேண்டாம். தேய்த்துக் கழுவி, ரி.சி.எல். தூள் (குளோரின் தூள்) போட்டு ஒரு நாள் முழுக்க நிற்கவிட்டு, அந்தத் தண்ணீரை எல்லாக் குழாய்களாலும் வெளியேற்றி, திரும்ப நிரப்பவேண்டும். தூளின் அளவை பி.எச்.ஐ.யிடமே கேளுங்கள், தூளின் வலுவைப் பொறுத்து மாறும். 30 வீதத் தூள் என்றால் ஆயிரம் லீற்றருக்கு ஏறக்குறைய 170 கிராம் வரும். தாங்கிக்குள் ஆள் இறங்குவதென்றால் மூடி திறந்து காற்றோட்டம் விட்டு, மேலே இன்னொருவர் நிற்கவேண்டும், தூளோடு யாரும் உள்ளே நிற்கக்கூடாது. பத்து நாள் கழித்து ஈ.கோலையை மட்டும் இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். பி.எச்.ஐ. வந்த அன்று மொட்டைமாடிக் கதவு பூட்டு, சாவி காவலாளியிடம், காவலாளி ஹட்டனுக்கு லீவில். பி.எச்.ஐ. கீழே தாங்கியை மட்டும் பார்த்துவிட்டுப் போய், மேலே உள்ளதைப் பார்க்க இன்னும் நாலு நாள் கழித்துத்தான் வந்தார். உங்கள் கட்டடத்தில் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.